பள்ளிக்கூடத்து ஆலோசனை ஆசிரியர்: பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியவை



"பள்ளிக்கூடத்துல இருந்து கடிதம் வந்திருக்கு. ஆலோசனை டீச்சர் வரச் சொல்றாங்களாம். எம் புள்ள என்னா தப்பு செஞ்சிச்சோ தெரியல." தோட்டத்தில் இந்தப் பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. கடிதத்தைக் கண்டதும் சிலர் முதலில் பிள்ளைக்கு இரண்டு அடி போடுகிறார்கள். சிலர், போனால் ஒரு நாள் பேர் போய்விடும் என்று கடிதத்தைக் கூரை இடுக்கில் சொருகிவிடுகிறார்கள். இன்னும் சிலர், "எம் புள்ளைக்கு என்னா பைத்தியமா?" என்று கோபப்படுகிறார்கள்.

இந்த இதழின் பாடம் இதைப் பற்றியதுதான். ஆலோசனை ஆசிரியர் யார், பிள்ளைக்கு அவர் என்ன செய்கிறார், வீட்டுக்கு என்ன செய்கிறார், நாம் அவரிடம் எப்படிப் போவது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம். வாசிக்கத் தெரிந்தவர்கள் மற்றவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள். பாடசாலையில் படிக்கும் பிள்ளையையே வாசிக்கச் சொன்னால் இன்னும் நல்லது.

1. ஆலோசனை ஆசிரியர் என்பவர் யார்?

பாடசாலையில் கணிதம் படிப்பிக்க ஒருவர், தமிழ் படிப்பிக்க ஒருவர் இருப்பது போல, பிள்ளைகளின் மனக் கஷ்டங்களைக் கேட்டு உதவி செய்வதற்கும் ஓர் ஆசிரியரிடம் பொறுப்புக் கொடுக்கப்படுகிறது. அவரைத்தான் ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியர் என்கிறோம். பெரும்பாலும் அவர் வேறு பாடமும் படிப்பிப்பவராகவே இருப்பார். சில பாடசாலைகளில் இதற்கென்று ஒரு சின்ன அறை உண்டு. அறை இல்லாத இடத்தில் நூலகத்தின் ஒரு மூலையிலோ, மரத்தடியிலோ பிள்ளையை உட்கார வைத்துப் பேசுவார்.

அவர் பொலிஸ்காரர் இல்லை. தண்டனை கொடுக்கும் வேலை அவருடையது அல்ல. அவர் டொக்டரும் இல்லை, மருந்து எழுத மாட்டார். கேட்பது, விளங்கிக்கொள்வது, பிள்ளையே ஒரு முடிவுக்கு வர உதவுவது, தன்னால் முடியாததை முடிந்தவர்களிடம் சேர்ப்பது, இவைதான் அவருடைய வேலை.

இந்த வேலை தொடங்கிய கதையை இங்கே சுருக்கமாகச் சொல்கிறேன். 1908ஆம் ஆண்டு அமெரிக்காவின் பொஸ்டன் நகரத்தில் பிராங்க் பார்சன்ஸ் என்பவர் ஒரு நிலையத்தைத் திறந்தார். பிழைப்புத் தேடித் திரிந்த இளம் பிள்ளைகளை உட்கார வைத்து, "உனக்கு என்ன நன்றாக வரும், எந்த வேலை உனக்குப் பொருந்தும்" என்று பேசிப் பார்த்து வழிகாட்டினார். அது பிறகு பாடசாலைகளுக்கும் வந்தது. வசதி உள்ளவர்களுக்கு வழி சொல்ல ஆட்கள் எப்போதும் உண்டு. வழி சொல்ல ஆள் இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய வேலை இது. அந்தக் கணக்கில் பார்த்தால் நம்ம பிள்ளைகளுக்குத்தான் இது முதலில் சேரவேண்டும்.

2. எந்த விஷயங்களுக்கு அவரிடம் போகலாம்?

பெரிய பிரச்சினை வந்தால்தான் போகவேண்டும் என்று இல்லை. கீழே உள்ள எதற்கும் போகலாம்.

பள்ளிக்கூடம் போக மறுப்பது: காலையில் வயிற்றுவலி என்று அழுவது, பாதி வழியில் திரும்பி வருவது, தேயிலைக்குள் ஒளிந்திருந்துவிட்டு மத்தியானம் வீட்டுக்கு வருவது.

படிப்பு ஏறாமல் இருப்பது: "இவனுக்குப் படிப்பு வராது" என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். கண் தெரியாத பிள்ளையும், காது சரியாகக் கேட்காத பிள்ளையும், காலையில் சாப்பிடாமல் வந்த பிள்ளையும் மக்குப் பிள்ளை மாதிரித்தான் தெரியும். பாடசாலை மருத்துவப் பரிசோதனை பொதுவாகத் தரம் 1, 4, 7, 10 ஆகிய வகுப்புகளில் நடக்கிறது. அன்றைக்குப் பிள்ளையைக் கட்டாயம் அனுப்புங்கள். கரும்பலகை தெரியவில்லை என்று அங்கே கண்டுபிடித்தால் ஒரு மூக்குக் கண்ணாடியோடு கதை முடிந்துவிடும்.

பரீட்சைப் பயம்: 5ஆம் தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் பத்து வயதுப் பிள்ளையைப் படுத்தும் பாடு கொஞ்ச நஞ்சமல்ல. வெட்டுப்புள்ளிக்குக் கீழே வந்த பிள்ளை தோற்றுப்போன பிள்ளை அல்ல. அதே பிள்ளை ஆறு வருஷம் கழித்துச் சாதாரண தரத்தில் நன்றாகச் செய்யலாம்.

வயதுக்கு வரும் காலம்: உடம்பு மாறும்போது பெண் பிள்ளைக்கும் பயம் வரும், ஆண் பிள்ளைக்கும் பயம் வரும். மாதவிடாய் நாட்களில் பாடசாலையில் வசதி இல்லை என்று சில பிள்ளைகள் மாதா மாதம் மூன்று நாலு நாள் வீட்டில் நின்றுவிடுகிறார்கள். இதை அப்பாவிடமோ ஆண் ஆசிரியரிடமோ சொல்ல முடியாது. ஆலோசனை டீச்சரிடம் சொல்லலாம்.

வீட்டுத் துக்கம், வீட்டுச் சண்டை: மரணம், பிரிவு, குடி, அடிதடி. லயத்துக் காம்பராவில் சுவர் ஒன்றுதான். பெரியவர்கள் போடும் சண்டை முழுவதும் பிள்ளையின் காதில்தான் விழுகிறது.

கேலி செய்வது: சப்பாத்துக் கிழிந்திருக்கிறது, தோட்டத்தில் இருந்து வருகிறான், அம்மா இல்லை என்று மற்றப் பிள்ளைகள் பட்டப்பெயர் வைப்பது. பெரியவர்களுக்கு இது சின்ன விஷயம். பிள்ளை படிப்பை விடுவதற்கு இதுவே போதும்.

3. அவர் எப்படி வேலை செய்கிறார்? ஓர் உதாரணம்

பல தோட்டங்களில் நடப்பவற்றைச் சேர்த்து ஓர் உதாரணம் சொல்கிறேன். எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று. நன்றாகப் படித்த பிள்ளை. இரண்டு மாதமாக வாரத்தில் இரண்டு நாள் வருவதே இல்லை. வரும் நாட்களிலும் ஒன்பது மணிக்குத்தான் வருகிறது. கேட்டால் பதில் இல்லை. தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறது. வகுப்பாசிரியர் ஆலோசனை ஆசிரியரிடம் சொல்கிறார்.

முதல் படி, தனியே கூப்பிட்டுப் பேசுவது. "ஏன் வரவில்லை?" என்று அவர் எடுத்தவுடன் கேட்கமாட்டார். "காலையில் எத்தனை மணிக்கு எழும்புவாய்? எழும்பினதும் என்ன செய்வாய்?" என்று கேட்பார். பிள்ளை மெதுவாகச் சொல்லும். விடியற்காலை ரொட்டி சுடுவது, தண்ணீர் பிடிப்பது, இரண்டு வயதுத் தம்பியைக் குளிப்பாட்டுவது. தம்பியைப் பார்த்துக்கொண்ட பாட்டி விழுந்து கால் உடைந்து படுக்கையில். அம்மா பெரட்டுக்குப் பிந்தினால் அன்றைய பேர் போய்விடும். ஆகவே தம்பியைப் பார்ப்பது இவள்.

இரண்டாம் படி, வீட்டாரோடு பேசுவது. தாய்க்குக் கடிதம் போகிறது. தாய் வந்ததும் ஆசிரியர் குற்றம் சொல்லவில்லை. "அம்மா, காலையில உங்க வீட்டுல எப்படி இருக்கும்னு சொல்லுங்க" என்று தொடங்குகிறார். தாய் அழுதுவிட்டு, "பிள்ளை மடுவத்துல சேக்கலாம்தான், இவனுக்கு இன்னும் பிறப்பு அத்தாட்சி எடுக்கல, சேத்துக்க மாட்டாங்கன்னு சொன்னாங்க" என்கிறாள். யாரோ சொன்னதைக் கேட்டு அவள் கேட்கவே போகவில்லை.

மூன்றாம் படி, உதவி செய்யக்கூடியவர்களைச் சேர்ப்பது. ஆசிரியர் தோட்ட நலன்புரி உத்தியோகத்தருக்குத் தொலைபேசி எடுக்கிறார். சிறுவர் பராமரிப்பு நிலையத்துப் பொறுப்பாளரும் குடும்ப நல உத்தியோகத்தரும் பேசுகிறார்கள். பிள்ளையைச் சேர்த்துக்கொள்கிறார்கள். பிறப்புப் பதிவைப் பிந்திச் செய்ய விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கிறார்கள். பாட்டியை ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் காட்ட ஏற்பாடாகிறது.

நான்காம் படி, மறுபடி பார்ப்பது. இரண்டு வாரம் கழித்து ஆசிரியர் பிள்ளையைக் கூப்பிட்டு, "இப்ப எப்படி?" என்று கேட்கிறார். தவறிப்போன பாடங்களுக்குக் கூட்டாளி ஒருத்தியின் கொப்பியை வாங்கிக் கொடுக்கிறார்.

இதில் ஆசிரியர் பெரிய புத்திமதி எதுவும் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். "ஒழுங்காப் பள்ளிக்கூடம் வா" என்று நூறு தடவை சொல்லியிருந்தாலும் அந்தப் பிள்ளையால் வந்திருக்க முடியாது. காரணத்தைக் கண்டுபிடித்த பிறகுதான் வழி பிறந்தது. ஆலோசனை என்றால் புத்திமதி என்று நாம் நினைக்கிறோம். முக்கால் பங்கு கேட்பதும், கால் பங்கு ஏற்பாடு செய்வதும்தான் ஆலோசனை.

4. சொன்ன விஷயம் வெளியே போகுமா?

இதுதான் எல்லோரும் பயப்படும் கேள்வி. லயத்தில் ஒரு வீட்டில் பேசினால் அடுத்த தொங்கலுக்குக் கேட்கும் என்பது நமக்குத் தெரியும். ஆகவே, "வூட்டுக் கதைய வெளியில சொல்லாதே" என்று பிள்ளையை வளர்க்கிறோம்.

பிள்ளை சொல்வதை ஆலோசனை ஆசிரியர் மற்ற ஆசிரியர்களிடமோ மற்றப் பெற்றோரிடமோ சொல்லக்கூடாது. இது அந்த வேலையின் முதல் ஒழுங்கு. ஆனால் ஒரு விதிவிலக்கு உண்டு. பிள்ளையின் உயிருக்கு ஆபத்து, பிள்ளைக்கு யாரோ தீங்கு செய்கிறார்கள், அல்லது பிள்ளையால் வேறொருவருக்கு ஆபத்து என்றால் அவர் மறைத்து வைக்க முடியாது. பாதுகாப்புக் கொடுக்கக்கூடியவர்களுக்குச் சொல்லியே ஆகவேண்டும். நல்ல ஆலோசனை ஆசிரியர் இதைப் பிள்ளையிடம் முதல் நாளே சொல்லிவிடுவார்.

பெற்றோரும் ஒன்று செய்யவேண்டும். பிள்ளை ஆலோசனை அறையில் இருந்து வந்ததும், "டீச்சர்கிட்ட என்னா சொன்ன? எங்களப் பத்தி சொன்னியா?" என்று குடையக்கூடாது. பிள்ளை தானாகச் சொன்னால் கேளுங்கள்.

5. தாய் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள்

நம்ம தோட்டங்களில் இருந்து பல தாய்மார் மத்திய கிழக்கு நாடுகளுக்கும் கொழும்புக்கும் வேலைக்குப் போகிறார்கள். குடும்பத்துக்காகத்தான் போகிறார்கள், அதைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் பிள்ளையின் மனதில் என்ன நடக்கிறது என்று தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

சின்னப் பிள்ளை, "நான் குழப்படி செஞ்சதாலதான் அம்மா போயிட்டாங்க" என்று நினைக்கும். வளர்ந்த பிள்ளை கோபப்படும். சில பிள்ளை ஒன்றும் பேசாது, நன்றாக இருக்கிற மாதிரித் தெரியும். அந்தப் பேசாத பிள்ளையைத்தான் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். ஆலோசனை ஆசிரியர்கள் இப்படிப்பட்ட வீட்டுக்குச் சொல்லும் விஷயங்கள் இவை:

- போவதற்கு முன்பே பிள்ளையிடம் உண்மையைச் சொல்லுங்கள். தூங்கும்போது விட்டுவிட்டுப் போகாதீர்கள். "நாளைக்கு வந்திருவா" என்று பொய் சொல்லாதீர்கள். அந்த நாளை வராதபோது பிள்ளை யாரையும் நம்பாது.

- பிள்ளைக்குப் பொறுப்பு ஒருவர் என்று தீர்மானியுங்கள். இன்றைக்குப் பாட்டி, நாளைக்குச் சித்தி, மற்ற நாள் பக்கத்து வீடு என்று மாற்றாதீர்கள். அந்த ஒருவரின் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் பாடசாலையில் எழுதிக் கொடுங்கள்.

- தாய் பேசுவதற்கு ஒரு நேரம் வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை இரவு ஏழு மணி என்றால் ஏழு மணி. பேசும்போது, "நல்லாப் படி, பாட்டி சொன்னதக் கேளு" என்பதோடு நிறுத்தாமல், இன்றைக்கு என்ன விளையாடினாய், கூட்டாளி யார், கறி என்ன என்று கேளுங்கள்.

- அனுப்பும் காசில் பிள்ளையின் கொப்பிக்கும் சப்பாத்துக்கும் என்று ஒரு பங்கை ஒதுக்கி, அதைப் பிள்ளைக்கே சொல்லுங்கள். அம்மா தன்னை நினைக்கிறாள் என்று அதற்குத் தெரியும்.

தகப்பன்மாருக்கும் ஒரு வார்த்தை. தாய் போன பிறகு பிள்ளைக்கு மிஞ்சி இருப்பது நீங்கள்தான். சம்பள நாளில் நேராக வீட்டுக்கு வாருங்கள்.

6. ஆறாம் வகுப்பும் பதினோராம் வகுப்பும்: பிள்ளை நின்றுபோகும் இரண்டு இடங்கள்

தோட்டத்துக்குள் இருக்கும் பாடசாலைகளில் பல, 5ஆம் தரத்தோடு முடிந்துவிடுகின்றன. ஆறாம் வகுப்புக்குப் பிள்ளை தூரத்துப் பாடசாலைக்குப் போகவேண்டும். மழை, மண்பாதை, பஸ் இல்லை, தெரியாத பிள்ளைகள். அங்கே முதல் மூன்று மாதம் தாங்கினால் பிள்ளை தாங்கும். அந்த மூன்று மாதத்தில் ஆலோசனை ஆசிரியரின் உதவி மிகவும் பெறுமதியானது. புதிய பாடசாலையில் சேர்க்கும் அன்றே அதிபரிடம், "இங்க ஆலோசனை ஆசிரியர் யாருங்க?" என்று கேட்டு, பிள்ளையை அவருக்கு அறிமுகப்படுத்தி வையுங்கள். ஒரே லயத்துப் பிள்ளைகள் கூட்டாகச் சேர்ந்து நடந்து போகட்டும்.

இரண்டாவது இடம் சாதாரண தரப் பரீட்சை. பெறுபேறு வந்ததும், "பாஸ் இல்லையா, சரி, கொழும்புக்குக் கடை வேலைக்குப் போ" என்று அனுப்பிவிடுகிறோம். அதற்கு முன் ஆலோசனை ஆசிரியரிடம் போய் மிச்சம் என்ன வழி இருக்கிறது என்று கேளுங்கள். மறுபடி எழுதலாம். தொழிற்பயிற்சி அதிகாரசபையின் நிலையங்களில் மின் வேலை, தச்சு, வாகனம் திருத்துதல், தையல், கணினி என்று பயிற்சிகள் உண்டு. அதில் கிடைக்கும் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் 1 முதல் 7 வரை படிப்படியாக ஏறும். 2017இல் தொடங்கிய பதின்மூன்று வருட உறுதிப்படுத்தப்பட்ட கல்வித் திட்டத்தில், சாதாரண தரம் சித்தியடையாத பிள்ளைகளும் தெரிவுசெய்யப்பட்ட பாடசாலைகளில் தொழில் பாடங்களோடு தொடர்ந்து படிக்க வழி செய்யப்பட்டது. உயர்தரம் முடித்தவர்களுக்குப் பத்தனை ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரி போன்ற இடங்களில் ஆசிரியர் பயிற்சி உண்டு. இன்றைக்கு நம்ம பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும் ஆசிரியர்களில் எத்தனையோ பேர் லயத்தில் பிறந்தவர்கள்தான்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 2016 முதல் 5 வயதில் இருந்து 16 வயது வரை பிள்ளையைப் படிக்க அனுப்புவது கட்டாயம். 2021இல் திருத்தப்பட்ட சட்டப்படி 16 வயதுக்குக் குறைந்த பிள்ளையை வேலைக்கு அமர்த்துவது குற்றம். தரகர் வந்து, "நல்ல வீடு, நல்ல சாப்பாடு, பாத்துப்பாங்க" என்று சொல்வார். 2021 ஜூலையில் மலையகத்தில் இருந்து கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போன ஒரு பிள்ளை தீக்காயங்களோடு இறந்ததை நாடே பேசியது. பெயரைச் சொல்லத் தேவையில்லை. நம் எல்லோருக்கும் தெரியும். ஒரு வீட்டில் பிள்ளையை அனுப்பப் பேசுகிறார்கள் என்று கேள்விப்பட்டால் பாடசாலைக்கோ எங்களுக்கோ உடனே சொல்லுங்கள். அனுப்பிய பிறகு சொல்வதை விட முன்னமே சொல்வது மேல்.

7. ஆபத்தான அறிகுறிகள்

சில அறிகுறிகளைக் கண்டால் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடக்கூடாது:

- நன்றாக இருந்த பிள்ளை திடீரென்று பேச்சைக் குறைப்பது, சாப்பிடாமல் இருப்பது, தூக்கத்தில் பயந்து எழும்புவது
- வளர்ந்த பிள்ளை மறுபடி படுக்கையில் சிறுநீர் கழிப்பது
- குறிப்பிட்ட ஓர் ஆளைக் கண்டாலோ, ஒரு வீட்டுக்குப் போகச் சொன்னாலோ நடுங்குவது
- காரணம் சொல்லாத காயங்கள், கையில் புதிதாகக் காசு அல்லது தொலைபேசி
- "நான் இருந்து என்னா செய்ய", "செத்துப் போறேன்" என்று பேசுவது, தனக்குப் பிடித்த பொருட்களை மற்றவர்களுக்குக் கொடுத்துவிடுவது

கடைசியில் சொன்னதை, "சும்மா பயங்காட்டுது" என்று எடுக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, "உனக்கு அவ்வளவு கஷ்டமா இருக்கா? எங்கிட்ட சொல்லு" என்று கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வராது, சொல்ல இடம் கிடைத்ததால் பாரம் குறையும். அன்றைக்குப் பிள்ளையைத் தனியே விடாதீர்கள். ஆலோசனை ஆசிரியருக்கும் வைத்தியசாலைக்கும் அறிவியுங்கள். 1995ஆம் ஆண்டளவில் தற்கொலை கூடிய நாடுகளில் நம் நாடும் முன்வரிசையில் இருந்தது. கொடிய பூச்சிமருந்துகளைத் தடைசெய்த பிறகு அது வெகுவாகக் குறைந்தது. கைக்கு எட்டாமல் இருந்தால் உயிர் தப்பும் என்பதுதான் இதில் உள்ள பாடம். மரக்கறித் தோட்டம் செய்பவர்கள் மருந்துப் போத்தல்களைக் காம்பராவில் வைக்காமல், பூட்டுப் போட்ட பெட்டியில் வெளியே வையுங்கள்.

பிள்ளைக்கு யாராவது பாலியல் தீங்கு செய்திருந்தால், பிள்ளை சொல்வதை நம்புங்கள். "நீ ஏன் அங்க போன?" என்று கேட்காதீர்கள், தப்பு பிள்ளையுடையது அல்ல. 16 வயதுக்குக் குறைந்த பெண் பிள்ளை சம்மதித்தாள் என்று சொன்னாலும் சட்டத்தில் அது குற்றம்தான். இதைக் கோயிலில் வைத்துப் பேசித் தீர்ப்பதோ, நாலு பேர் முன்னால் காசு வாங்கி முடிப்பதோ, அந்த ஆளுக்கே கட்டிக் கொடுப்பதோ கூடாது. 1995இல் திருத்தப்பட்ட பொதுத் திருமணச் சட்டப்படி 18 வயதுக்கு முன் திருமணம் செல்லாது. ஆலோசனை ஆசிரியர், பிரதேச செயலகத்துச் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர், பொலிஸ் நிலையத்துச் சிறுவர் மகளிர் பணியகம், இவர்களில் யாரிடமும் போகலாம். தனியே போகப் பயமாக இருந்தால் எங்களைக் கூப்பிடுங்கள், கூட வருவோம்.

8. எங்கள் பள்ளிக்கூடத்தில் அப்படி ஒருவர் இல்லையே?

உண்மைதான். சின்னப் பாடசாலைகளில் மூன்று ஆசிரியர் ஐந்து வகுப்பைப் பார்க்கும் நிலைமையும் இருக்கிறது. அங்கே தனியாக ஓர் ஆலோசனை ஆசிரியரை எதிர்பார்க்க முடியாது. அப்படி என்றால் பிள்ளை யாரை நம்புகிறதோ அந்த ஆசிரியரிடமோ அதிபரிடமோ பேசுங்கள். வலயக் கல்வி அலுவலகத்தில் ஆலோசனை வழிகாட்டலுக்குப் பொறுப்பானவர் இருப்பார், அவரை அனுப்பும்படி அதிபர் கேட்கலாம். பிரதேச செயலகத்திலும் ஆலோசனை உத்தியோகத்தர் உண்டு. பாடசாலை அபிவிருத்திக் கூட்டத்துக்குப் போகும் பெற்றோர், கூரைத் தகரத்தையும் தண்ணீர்த் தாங்கியையும் பற்றிக் கேட்பது போல, "எங்க புள்ளைங்களோட பேச ஓர் ஆள் வேணும்" என்றும் கேளுங்கள். கேட்காத வரைக்கும் அந்தத் தேவை மேலே உள்ளவர்களுக்குத் தெரியாது.

9. பெற்றோர் செய்ய வேண்டியவை

கடிதம் வந்தால் போங்கள். வேலை நாளில் முடியாவிட்டால் பாடசாலைக்குச் சொல்லி வேறு நேரம் கேளுங்கள். தொலைபேசியிலும் பேசலாம். நேரில் போகவே வேண்டும் என்றால் முதல் நாளே நலன்புரி உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். அலுவலகத்தில் பேசி நேரம் ஒழுங்கு செய்ய முயற்சிப்போம்.

முடிந்தால் தாய் தகப்பன் இருவரும் போங்கள். குடித்துவிட்டுப் போகவேண்டாம். பிள்ளையின் முன்னால் ஆசிரியரிடம், "இவன் உருப்பட மாட்டான் சேர், நல்லா அடிங்க" என்று சொல்ல வேண்டாம். பாடசாலையில் உடல் தண்டனை கொடுக்கக்கூடாது என்று 2005ஆம் ஆண்டிலேயே கல்வி அமைச்சு சுற்றறிக்கை விட்டிருக்கிறது. நாமே அடிக்கச் சொல்லிக் கொடுத்தால் அந்தச் சுற்றறிக்கைக்கு என்ன பெறுமதி?

வீட்டு நிலைமையை மறைக்காமல் சொல்லுங்கள். காசுக் கஷ்டம், நோய், கடன், தகப்பனின் குடி எதுவாக இருந்தாலும் அவருக்குத் தெரிந்தால்தான் சரியான இடத்துக்கு வழி சொல்வார். விளங்காததை மறுபடி கேளுங்கள். "நாங்க படிக்காதவங்க, எங்களுக்கு என்ன தெரியும்" என்று பின்வாங்க வேண்டாம். உங்கள் பிள்ளையைப் பற்றி உங்களுக்குத் தெரிந்த அளவு எந்த டீச்சருக்கும் தெரியாது.

வீட்டில் ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம் பிள்ளையோடு உட்காருங்கள். மலையில் இருந்து களைத்துத்தான் வருகிறீர்கள், தெரியும். தேத்தண்ணி குடிக்கும் அந்த நேரம் போதும். "இன்னைக்கு என்ன நடந்துச்சு?" என்று கேட்டுவிட்டு, இடையில் பேசாமல் கேளுங்கள். அந்தப் பத்து நிமிஷத்தில் நீங்களும் ஓர் ஆலோசனை ஆசிரியர்தான்.

10. அவசரத் தொலைபேசி இலக்கங்கள்

வெட்டி எடுத்துக் கதவுக்குப் பின்னால் ஒட்டி வையுங்கள்.

1929 – தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபை. சிறுவர் பற்றிய எந்த முறைப்பாட்டுக்கும். 24 மணித்தியாலமும், இலவசம். தமிழில் பேசலாம்.
1926 – தேசிய மனநல நிறுவகம். மனம் உடைந்தவர்களுக்கு.
1938 – பெண்களுக்கான உதவி இலக்கம்.
1990 – சுவசெரிய அம்பியுலன்ஸ். இலவசம்.
119 – பொலிஸ்.

11. கூடிப் பேசுவதற்கான கேள்விகள்

அடுத்த தாய்மார் கூட்டத்தில் இவற்றைப் பேசுவோம். தகப்பன்மாரும் வரவேண்டும்.

(அ) நம்ம பிள்ளைகள் போகும் பாடசாலையில் ஆலோசனை ஆசிரியர் யார்? அவருடைய பெயர் உங்களுக்குத் தெரியுமா?
(ஆ) போன வருஷம் நம்ம டிவிசனில் எத்தனை பிள்ளைகள் படிப்பை நிறுத்தினார்கள்? ஒவ்வொரு பிள்ளையும் எதனால் நின்றது? அவர்களில் யாரை மறுபடி அனுப்பலாம்?
(இ) தாய் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு அந்த லயத்தில் உள்ள மற்றவர்கள் என்ன உதவி செய்யலாம்?
(ஈ) பிள்ளை ஒரு கெட்ட விஷயத்தை உங்களிடம் சொன்னால், நீங்கள் சொல்லும் முதல் வார்த்தை என்னவாக இருக்கவேண்டும்?

இரண்டாவது கேள்விக்குக் கொஞ்சம் நேரம் எடுங்கள். லயம் லயமாக எண்ணிப் பார்த்து, பெயர்களை எழுதிக்கொண்டு வாருங்கள். அந்தத் தாளை வைத்துக்கொண்டுதான் அதிபரையும் ஆலோசனை ஆசிரியரையும் போய்ப் பார்க்கப் போகிறோம்.